பவளப்பாறை வாயடைத்த பிற்பகல்

ஒலிபெருக்கியில் சத்தமே இல்லை என்பது அவளுக்கு உறைத்தபோது, இரும்புக் கதவைச் சாத்தி, அதன் பூட்டுச் சக்கரத்தையும் முறுக்கிவிட்டு, பாதி அறையைக் கடந்திருந்தாள்.

பொதுமக்கள் பார்ப்பதற்காகக் கடலுக்கடியில் கட்டிய அறை அது. கரையிலிருந்து நீளும் பாலத்தின் முனையில் ஒரு சிறு கட்டடம். அதற்குள்ளிருந்து சுழன்று சுழன்று இறங்கும் படிக்கட்டு. அடியில், பவளப்பாறைக்கு நேர் எதிரே, சுவர் அகலத்துக்கு ஒரு கண்ணாடி. பாறையருகே நீரில் தொங்கும் ஒலிவாங்கி அங்குள்ள ஓசையை அறைக்குள் கொண்டுவரும். விரல் நீளம்கூட இல்லாத ஒருவகை இறால்கள் கொடுக்கைச் சொடுக்கும் ஓசை, சூடான எண்ணெயில் கடுகு பொரிவதுபோல இரவும் பகலும் ஓயாது. "பாறை உசுரோட இருக்குன்னு அர்த்தம்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி, அப்படி ஒரு சத்தம் இருப்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. இன்று அது இல்லை. ஈரத் துருவும் பழைய ரப்பரும் கலந்த வாடை மட்டும் வழக்கம்போல் மூக்கில் ஏறியது. கண்ணாடிக்கு வெளியே பச்சை வெளிச்சம் தளும்பிக்கொண்டிருந்தது. அதில் ஒரு மீன்கூட இல்லை.

பார்வையாளர்களுக்கு விடுமுறை நாள். வெளுத்துவரும் பவளங்களைப் படம் எடுக்கத்தான் அவள் இறங்கியிருந்தாள். கண்ணாடியின் வெளிப்புறத்துப் பாசியைத் தேய்க்கக் காலையில் அவள் தம்பி முக்குளித்திருந்தான். பிடித்தால் நழுவுவான் என்று வீட்டில் அவனுக்கு விரால் என்று பெயர். அவனை இந்த வேலையில் சேர்த்துவிட்டதே அவள்தான். ஆனால் பாதிக் கண்ணாடியில் பாசி அப்படியே அப்பிக் கிடந்தது. அரைகுறையாக விட்டுவிட்டு ஏறுகிறவன் இல்லையே அவன்.

மனசு கேட்கவில்லை. மேலே போய்க் கேட்டுவிடலாம் என்று சக்கரத்தைத் திருப்பினாள். அது அசையவில்லை. இரண்டு கையாலும் பிடித்து, காலைச் சுவரில் ஊன்றி இழுத்தாள். உள்ளங்கை எரிந்ததுதான் மிச்சம்.

சுவர்த் தொலைபேசியை எடுத்தாள். மேலே கட்டடத்தில், அறைக்குக் காற்று இறக்கும் பம்ப்பைக் கவனிக்கும் ஆபரேட்டர் எடுத்தார்.

"அண்ணே, கதவு சிக்கிக்கிச்சு. யாராவது வெளியிலேர்ந்து திருப்பணும்."

"பதறாதம்மா. நான் பம்ப்பை விட்டு நகர முடியாது. உன் தம்பியை அனுப்புறேன்."

"சீக்கிரம்ணே."

திரும்பியபோது, பாசி படிந்த பாதியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்டம் தெளிந்திருந்தது. சற்று முன் அது இல்லை. அவள் பார்க்கப் பார்க்க வட்டம் பெரிதானது. வெளியிலிருந்து யாரோ உள்ளங்கையால் மெதுவாக, அழுத்தி அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தார்கள். கறுப்பு முக்குளிப்பு உடையின் முழங்கை தெரிந்தது. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அண்ணே, அவன் இங்கதான் இருக்கான். மிச்சத்தைத் தேய்க்க மறுபடியும் இறங்கிட்டான் போல."



"என்னம்மா சொல்ற? தம்பி இங்கதானே உக்காந்திருக்கான், எனக்கு எதிர்ல. காலையில ஏறி வந்ததுலேர்ந்து ஒரு வார்த்தை பேசல. டீ குடுத்தேன், தொடல. உடுப்பைக்கூடக் கழட்டல." குரலைத் தாழ்த்தினார். "அவன் உக்காந்த எடத்துல தண்ணி சொட்டிக்கிட்டே இருக்கும்மா. இன்னும் நிக்கல."

தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்காமல், வயர் எட்டிய மட்டும் அவள் கண்ணாடியை நெருங்கினாள். முக்குளித்தவன் மூச்சுவிட்டால் குமிழிகள் கொத்துக் கொத்தாய் மேலே ஏறும்.

குமிழி ஏறவில்லை. ஒன்றுகூட.

தெளிந்த இடத்தில் ஒரு முகம் வந்து பதிந்தது. முகமூடி இல்லை. வாயில் குழாய் இல்லை. தலைமுடி பாசிபோல் மெல்ல அலைந்தது. இடது புருவத்தை இரண்டாகப் பிளக்கும் தழும்பு. கண்கள் திறந்திருந்தன. இமைக்கவில்லை.

"தம்பி..."

அவன் உதடு வெளுத்து ஊறியிருந்தது. எத்தனை நேரமாய்த் தண்ணீரில் கிடக்கும் உடம்பு அது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரியாமல் இருந்திருக்கலாம்.  

அவன் தலையை ஆட்டினான். மெதுவாக. இப்படியும் அப்படியும். வேண்டாம், வேண்டாம் என்று. பிறகு வலது கையை மூடி, முட்டியை முன்னே நீட்டினான். முக்குளிப்பவர்கள் கடலுக்குள் பேசும் பாஷை அது. அங்கே ஆபத்து.

முட்டி அவளைக் காட்டவில்லை. அவளுக்குப் பின்னாலிருந்த கதவைக் காட்டியது.

"தம்பியை அனுப்பிட்டேம்மா," என்றார் ஆபரேட்டர். "சொன்னவுடனே எந்திரிச்சுட்டான். இந்நேரம் படியில பாதி இறங்கியிருப்பான்."

"அண்ணே, அவனைக் கூப்பிடுங்க! திரும்பக் கூப்பிடுங்கண்ணே!"

"ஏம்மா? என்ன ஆச்சு?"

கேட்டது. படியில் காலடி. சதக். சதக். ஈரத் துணியை அடித்துத் துவைப்பதுபோல. அவசரமே இல்லாமல்.

தொலைபேசியைப் போட்டுவிட்டு ஓடினாள். திரும்பவிடாமல் சக்கரத்தைக் கட்டிக்கொண்டாள். அந்தப் பக்கம் காலடி நின்றது.

"அக்கா."

அவன் குரல்தான். ஆனால் தொண்டை நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு பேசுவதுபோல் இருந்தது. ஒவ்வொரு எழுத்தும் கொப்பளித்தது.

"அக்கா. கதவு. திற."

அவள் பல்லைக் கடித்தாள். உடம்பு மொத்தத்தையும் சக்கரத்தின்மேல் தொங்கவிட்டாள். எவ்வளவு திருப்பியும் அசையாத சக்கரம், வெண்ணெய்போல் திரும்பியது. அவள் கைகளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு திரும்பியது.

பின்னால் கண்ணாடியில் அவன் இரண்டு கையாலும் அறைந்துகொண்டிருந்தான். சத்தமே இல்லை. அறை முழுக்க அந்தக் கைகளின் நிழல்.

கதவு விரலிடை அளவு திறந்தது. குளிர்ந்த நீர் அவள் பாதத்தை நனைத்தது. இடுக்கு வழியாக நான்கு விரல்கள் உள்ளே வந்து கதவின் விளிம்பைப் பற்றின. தம்பியின் விரல்களைப் போலவே நீளம், அதே நிறம்.

ஒன்றிலும் நகம் இல்லை. கணுவும் இல்லை.