டீசல் டேங்கின் அடியில்

தம்பியின் வாயில் வாடையே இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பல் டாக்டருக்கு முதலில் உறுத்தியது அதுதான்.

லாரிக்கு அடியிலிருந்து மல்லாந்தபடியே நகர்ந்து வெளியே வந்த தம்பி, "அண்ணே, இன்னிக்கு இவ எழுந்து உட்காந்துருவா பாரு" என்று லாரியைத் தட்டிக்காட்டி, முகத்துக்கு நேரே சொன்னான். டாக்டர் வழக்கம்போல மூச்சை இழுத்து மோந்து பார்த்தார். ஏழு மாதமாக இதே வேலை. தம்பி குடியை விட்ட நாளிலிருந்து காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, ஏதோ பேசுகிற சாக்கில் பக்கத்தில் போய் மோப்பம் பிடிப்பார். நாய்ப் பிழைப்பு என்று அவரே தன்னைத் திட்டிக்கொள்வதுண்டு. ஆனால் ஆஸ்பத்திரியில் ஈரல் டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தார்: இன்னொரு தடவை குடித்தால் ஆள் பிழைக்க மாட்டான். அதனால் மோந்து பார்த்துச் சாராய வாடை இல்லை என்று தெரிந்தால்தான் அண்ணனுக்கு அன்றைக்குச் சோறு இறங்கும்.

இன்றைக்கும் சாராய வாடை இல்லை. ஆனால் வேறெந்த வாடையும் இல்லை என்பதை இன்றைக்குத்தான் கவனித்தார். இருபத்திரண்டு வருஷமாக ஊரார் வாய்க்குள் தலையை விட்டுப் பிழைப்பவர் அவர். தூங்கி எழுந்த வாய், பசித்த வாய், டீ குடித்த வாய், பல் விளக்கிவிட்டேன் என்று கூசாமல் பொய் சொல்லும் வாய், எல்லாவற்றுக்கும் ஒரு வாடை உண்டு. இந்த வாய் கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி இருந்தது.

"காலையில ஏதாவது சாப்பிட்டியாடா?"

"பசிக்கலண்ணே. அந்த பதினேழாம் நம்பர் ஸ்பேனரை எடு."

இந்த லாரி வந்ததே தம்பிக்காகத்தான். "தம்பிக்குக் கை நிறைய வேலை குடுங்க, மனசு தானா அடங்கும்" என்று டாக்டரின் மனைவிதான் சொன்னாள். டாக்டரோடு ஒரே பெஞ்சில் படித்த இரண்டு பேர் உடனே ஒட்டிக்கொண்டார்கள். ஒருவர் கணக்கு வாத்தியார். எதைத் தொட்டாலும் அரை மணி நேரம் விளக்கம் சொல்லாமல் விடமாட்டார். இன்னொருவன் கடைகளுக்குப் போர்டு எழுதும் பெயிண்டர். வாத்தியார் விளக்கத்தைத் தொடங்கினால் கொட்டாவி விடுவது அவன் பொறுப்பு. மூடிப்போன மாவு மில்லின் கொட்டகையில் முப்பது வருஷமாகக் கேட்பாரற்றுக் கிடந்த மூக்கு நீண்ட டீசல் லாரியைப் பிடித்து, அதே கொட்டகையில் வைத்து, ஞாயிறு தவறாமல் நால்வரும் கிண்டிக்கொண்டிருந்தார்கள். முதல் ஞாயிற்றுக்கிழமை சீட்டைப் பிய்த்தபோது உள்ளே எலிகள் குடும்பம் நடத்திச் செத்துக் காய்ந்து கிடந்தன. பெயிண்டர் வெளியே ஓடிப்போய் வாந்தியெடுத்தான். அதற்கப்புறம் இதைவிட அசிங்கம் எதுவும் வந்துவிடாது என்று எல்லோரும் நம்பினார்கள்.

வந்தது. நாலு வாரத்துக்கு முன்னால், டீசல் டேங்கைக் காலி பண்ணிய அன்றைக்கு வந்தது.

டேங்கின் அடி நட்டு துருவேறி அசையவே இல்லை. அடித்தால் டேங்கே கிழிந்துவிடும். சரி, மேல் வாய் வழியாக ட்யூப் விட்டு உறிஞ்சி எடுத்துவிடலாம் என்றான் தம்பி. கைப்பம்பு வாங்கி வருகிறேன் என்று டாக்டர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, அவன் ட்யூபை வாயில் வைத்து ஒரு இழுப்பு இழுத்துவிட்டான். லாரிக்காரர்கள் எல்லோரும் செய்கிற வேலைதான். உறிஞ்சி, வாய்க்கு வருவதற்குள் ட்யூபை எடுத்துக் கீழே விட்டால் தானாக ஒழுகும். தம்பிக்கு அந்தச் சூட்சுமம் கைவரவில்லை. கன்னம் உப்பியது, கண் பிதுங்கியது, தொண்டை ஒரு தடவை மேலே போய்க் கீழே வந்தது.

"துப்புடா! துப்பித் தொலைடா!"

"போயிடுச்சுண்ணே" என்று இருமிக்கொண்டே சிரித்தான் தம்பி. "வழவழன்னு போயிடுச்சு."

பிறகுதான் ட்யூபிலிருந்து ட்ரம்மில் விழுந்ததைப் பார்த்தார்கள். மேலே டீசல், அடியில் கூரை ஒழுகி இறங்கிய எத்தனையோ வருஷத்து மழைத்தண்ணீர், இரண்டுக்கும் நடுவே ஆறின பால்மேல் படிகிற ஆடை போல ஒன்று. கறுத்த பழுப்பு நிறம். குச்சியால் தூக்கினால் அறுந்து விழாமல், சளி மாதிரி நூல் நூலாக நீண்டு தொங்கியது. நாற்றமோ, டீசலும் அழுகின முட்டையும் ஒன்றாகக் கலந்த நாற்றம், மூக்கில் ஏறியதும் நாக்கில் தெரிகிற நாற்றம். தண்ணீரும் டீசலும் சேருகிற இடத்தில் ஏதோ கிருமி பாசியாக வளரும், டீசலையே தின்னும் என்று வாத்தியார் விளக்கம் சொன்னார். அன்றைக்கு யாரும் கொட்டாவி விடவில்லை. டாக்டர் தம்பியை உட்காரவைத்துப் பத்துத் தடவை வாய் கொப்பளிக்கச் சொன்னார். அந்த ட்ரம்மைத் தூரக் கொண்டுபோய்க் கொட்டுவதும், டேங்கைச் சலவைச் சோடா போட்டு அலசிப் பின்னறையில் காயவைப்பதும் தன் வேலை என்று தம்பி ஏற்றுக்கொண்டான்.

அதற்கப்புறம் தம்பி ஆளே மாறிப்போனான். கை நடுக்கம் நின்றது. முகம் தெளிந்தது. ஞாயிறு மட்டும் வந்தவன் தினமும் சாயங்காலம் கொட்டகைக்குப் போனான். லாரிதான் அவனைக் காப்பாற்றியது என்று டாக்டர் பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொண்டார். ராத்திரிச் சாப்பாட்டை அவன் தொடுவதில்லை என்று மனைவி இரண்டு தடவை சொன்னாள். வெளியில் சாப்பிட்டிருப்பான் என்று விட்டுவிட்டார்.

அன்று மத்தியானம் மூன்று மணிக்கு இன்ஜின் ஓடியது. டேங்க் இல்லாமலே, ஒரு கேனில் நல்ல டீசல் ஊற்றிக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, பம்பில் அடைத்திருந்த காற்றெல்லாம் வெளியேறும்வரை டீசலை ஓடவிட்டார்கள். தம்பி சீட்டில் ஏறிச் செல்ப் அடித்தான். ஒரு இருமல், இரண்டு இருமல், பிறகு கொட்டகையே அதிரும்படி ஒரு உறுமல். கரும்புகை தகரக் கூரையில் முட்டித் திரும்பியது. வாத்தியார் பெயிண்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தார். டாக்டருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"டேங்கைக் கொண்டாங்கப்பா, இப்பவே பெயிண்ட் அடிச்சிடுறேன்!" என்று கத்தினான் பெயிண்டர்.

"இருங்க, நான் போறேன்!" தம்பியின் குரலில் சிரிப்பு சட்டென்று காணாமல் போயிருந்தது.

"நீ ஆக்ஸிலேட்டர்லேர்ந்து கால எடுத்தா நின்னுடும்டா. மிதிச்சிட்டே இரு" என்று சொல்லிவிட்டு டாக்டர் பின்னறைக்கு நடந்தார்.

"அண்ணே! வேணாம்ணே!"

இன்ஜின் சத்தத்தில் அது விளையாட்டுக் குரல் போலத்தான் கேட்டது.

பின்னறையில் ஜன்னல் கிடையாது. பழைய மாவு, சுவரில் பிசினாக ஒட்டியிருந்தது. உள்ளே வைத்த காலடி பிசுபிசுவென்று ஒட்டி ஒட்டி வந்தது. மூலையில் டேங்க், நனைந்த சாக்கு ஒன்றால் போர்த்தியிருந்தது. காயவைக்கிற டேங்குக்கு எதற்கு ஈரச் சாக்கு? டாக்டர் இரண்டு விரலால் சாக்கை விலக்கி, டேங்கை அசைத்துப் பார்த்தார். கனத்தது. உள்ளே தளும்பியது. ட்ரம்மில் இருந்ததை அவன் எங்கும் கொட்டவில்லை. எல்லாவற்றையும் திரும்ப இதற்குள்ளேயே ஊற்றி வைத்திருந்தான்.

போனில் லைட்டைப் போட்டு மேல் வாய்க்குள் அடித்தார். பாலாடை அளவு இருந்தது இப்போது போர்வை அளவு தடித்திருந்தது. மேற்பரப்பு முழுக்க மடிப்பு மடிப்பாக, ஈரமாக, மினுமினுவென்று. இன்ஜின் அதிர்வுக்கு அது நடுங்கியது. அவர் குனிந்து பார்க்க, அவர் மூச்சு உள்ளே பட்டது. மடிப்புகள் மெல்ல நடுவில் கூடின. கூடி, மேலே குவிந்து எழும்பின. அவர் முகத்தை நோக்கி.

டாக்டர் பின்னால் தள்ளாடிச் சுவரில் மோதினார். கை மாவுப் பிசினில் பதிந்தது. கையை உதறிக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் டேங்கின் பக்கவாட்டில் தொங்கிய ட்யூபைப் பார்த்தார். அதன் ஒரு நுனி உள்ளே. வெளி நுனியில், ரப்பரில், கடித்த தடங்கள். பல் தடங்களைப் படிக்க அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மேல் வரிசையில் இடது முன்பல் ஓரம் கொஞ்சம் உடைந்த தடம். குடித்துவிட்டு விழுந்து அந்தப் பல்லை உடைத்துக்கொண்டவனுக்கு வைத்தியம் பார்த்ததே அவர்தான். ஒரு தடம் இல்லை. தடத்தின்மேல் தடம், அதன்மேல் தடம். ஒரு மாதத்துச் சாயங்காலங்கள்.

இன்ஜின் நின்றது.

திரும்பினால், வாசலில் தம்பி. தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

"என் வண்டில ஏறு" என்றார் டாக்டர். குரல் அவருடையது மாதிரியே இல்லை. வாத்தியாரிடமும் பெயிண்டரிடமும் தம்பிக்குப் பல் வலி என்றார். விடுமுறை நாள், கிளினிக் பூட்டியிருந்தது. திறந்து, நாற்காலியில் அவனை உட்காரவைத்து, தலைக்கு மேல் விளக்கைப் போட்டு, ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு கையுறை மாட்டிக்கொண்டார்.

"வாயத் திற."

திறந்தான். கடைவாய்ப் பற்களில் பத்து வருஷப் புகையிலைக் கறையும் பற்காரையும் இருந்த இடம் தெரியவில்லை. அவை சின்னக் குழந்தையின் பால் பற்கள் மாதிரி வெளுத்திருந்தன. ஈறு வீக்கம் இல்லை. சொத்தை இல்லை. ஏதோ ஒன்று ஒவ்வொரு இடுக்காகப் போய் நக்கித் துடைத்து வைத்த சுத்தம். டாக்டருக்குத் தன் தொழிலிலேயே முதன்முதலாக ஒரு சுத்தமான வாயைப் பார்த்துக் குமட்டியது.

பல் பார்க்கும் சின்னக் கண்ணாடியை நாக்கின்மேல் வைத்து அழுத்தினார். உள்நாக்குக்குப் பின்னால், தொண்டையை அடைத்துக்கொண்டு, ஒரு ஆடை.

கறுத்த பழுப்பு. மூச்சு வர உப்பியது. மூச்சு போக ஒட்டியது.

இடுக்கியால் ஓரத்தைப் பிடித்தார். வழுக்கியது. மறுபடி பிடித்தார். வந்தது. நாடா மாதிரி வந்தது. ஒரு சாண். இரண்டு சாண். தட்டில் சுருண்டு விழுந்தது. இரண்டு கையுறையையும் தாண்டி வெதுவெதுவென்று சூடு தெரிந்தது. இன்னும் வந்தது. வரவர அகலமானது. தம்பி ஓங்கரிக்கவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் வழிந்து காதுக்குள் போனது.

சட்டென்று நின்றது.

பிறகு, உள்ளேயிருந்து, இழுத்தது.

மெதுவாகத்தான். டாக்டர் விடவில்லை. அவரும் இழுத்தார். தம்பியின் நெஞ்சு நாற்காலியைவிட்டு எழும்பியது. அவன் கை வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தது.

"விட்டுடுண்ணே." வாயை மூட முடியாமல் குழறினான். "அத எடுக்காதண்ணே."

"பேசாதடா. வந்துடும். கொஞ்சம் பொறுத்துக்கோ."

"ஏழு மாசம்ணே... ஒரு நாள் விடாம எரிஞ்சுது. உன்கிட்ட சொல்லல. தெனமும் கடை வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வருவேன். அது உள்ள போனதுலேர்ந்து எரியலண்ணே. சத்தியமா எரியல." மூச்சு வாங்கினான். அவன் பேசும்போது உதட்டோரத்தில் அந்த ஆடையும் அசைந்தது. "அத எடுத்துட்டேன்னா நான் இன்னிக்கே குடிப்பேன்."

டாக்டர் இழுப்பதை நிறுத்தினார். ஈரல் டாக்டர் சொன்னது அவருக்கு ஒரு நாளும் மறந்ததில்லை. மணிக்கட்டைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார். அந்தக் கை நடுங்கவில்லை. பத்து வருஷத்தில் தம்பியின் கை இவ்வளவு உறுதியாக இருந்து அவர் பார்த்ததில்லை.

"உனக்கு நான் வேணுமாண்ணே, வேணாமா?"

இடுக்கி திறந்தது. அவர் திறந்தாரா, தானாகத் திறந்ததா, அவருக்கே தெரியவில்லை. தட்டில் சுருண்டு கிடந்தது மெல்லப் பிரிந்தது. சாண் சாணாகத் தட்டின் விளிம்பைத் தாண்டியது, மோவாயில் ஏறியது, உதட்டில் ஊர்ந்தது. கடைசி நுனி ஒரு கணம் வாயோரத்தில் தங்கி, அங்கே வழிந்திருந்த எச்சிலைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனது. தம்பி வாயை மூடினான். விழுங்கினான். அப்பாடா என்று கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டான்.

அவன் விழுங்கி முடித்த பிறகும், விளக்கு வெளிச்சத்தில், அவன் தொண்டை மேலும் கீழும் போய்க்கொண்டே இருந்தது.