ஆள் இருக்கிற வீடு

வலங்கைமானுக்கு வெளியே, வயலை ஒட்டிய வாடகை வீட்டுக்கு நுஸைபா மூன்று வயது மகளோடு குடிவந்தாள். கணவன் சமீர் ஷார்ஜாவில் இருந்தான். அத்தாவான பிறகும் மகளைப் போட்டோவில் பார்த்ததோடு சரி.

"வாசல்ல ஒரு ஆம்பள செருப்பு போட்டு வைம்மா. ஆள் இருக்குன்னு தெரியணும்ல," என்றாள் பக்கத்து வீட்டு ஞானாம்பாள். வெளிநாட்டுக்குப் புருஷனை அனுப்பிய வீடுகளில் நடக்கிற தந்திரம்தான்.

சமீரின் செருப்பு ஒன்றுகூட இல்லை. இருந்தது ஒரு ஜோடி பழைய பூட்ஸ். உலகப்போரில் விமானம் ஓட்டிய எவனோ போட்டது; முழங்கால் உயரம், உள்ளே ஆட்டு ரோமம். ஷார்ஜாவில் இப்படிப்பட்ட சாமான்களைச் சேர்க்கும் வெள்ளைக்காரனுக்கு விற்கலாமென்று, தஞ்சாவூர் பழைய இரும்புக் கடையில் சமீர் வாங்கிப் போட்டிருந்தான்.

அதை வாசலில் வைத்தாள். ஆள் இருக்கிறது என்று சொன்னால் எந்த ஆள் வந்து நிற்பான் என்று அவளுக்கு எப்படித் தெரியும், பாவம்!

கோடை. வயலெல்லாம் வெடித்துக் கிடந்தது. ஆனாலும் காலையில் பூட்ஸில் ஈரச்சேறு அப்பியிருந்தது.

பெட்ரோல் வாடை வேறு.

பயந்துபோய் அதை உள்ளே கொண்டுவந்து பீரோவில் வைத்துப் பூட்டினாள். வாசலோடு நின்றவனை அவளே வீட்டுக்குள் அழைத்துவிட்டாள்.

அன்றிலிருந்து காலிக் கட்டில் கிறீச்சிட்டது.

குழந்தை தனியாகச் சிரித்தது.

"யார்கிட்டம்மா பேசுற?"

"அத்தாகிட்ட."

தூக்கி எறிந்திருக்கலாமே என்பீர்கள். பூட்ஸ் காலியாக இருக்குமா என்ற சந்தேகம் வந்த பிறகு யார் பீரோவைத் திறப்பார்கள்? சமீர் வந்தால் எல்லாம் சரியாகிவிடும். அந்த ஒரு நினைப்பில்தான் நாட்களைத் தள்ளினாள்.

வந்தான். மத்தியான வெயிலில், திருச்சியிலிருந்து டாக்ஸியில். மகள் வாசலை மறித்து உதட்டில் விரல் வைத்தாள்.

"சத்தம் போடாதீங்க. அத்தா தூங்குறாங்க."

சமீர் சிரித்தான்.

உள்ளே ஓர் ஆண் இருமினான்.

"யாரு உள்ள?"

நுஸைபா எதைச் சொன்னால் நம்புவான்? சமீர் அறைக்குள் பாய்ந்தான். யாருமில்லை. தலையணையில் பள்ளம் இருந்தது. மெத்தையைத் தொட்டுப் பார்த்தான். சூடு ஆறவில்லை.

"கொல்லப்பக்கமா அனுப்பிட்டியா?" என்றான் மெதுவாக.

அவள் காலில் விழுந்தும் நிற்கவில்லை. வந்த டாக்ஸியிலேயே ஏறிவிட்டான். தெருமுனை வரை கதறிக்கொண்டு ஓடியவள், வண்டி மறைந்ததும் திரும்பினாள்.

குழந்தை வாசலில் நின்று டாட்டா காட்டிக்கொண்டிருந்தது.

ஒரு கையால்தான். இன்னொரு கை, உயரமான யாருடைய விரலையோ பிடித்துக்கொண்டு மேலே நீண்டிருந்தது.