இன்னும் ஓரடி பின்னால்

அந்த வீட்டுக்கு நான் முதன்முதலில் போனது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு. மூன்றாவது மாடி, லிப்ட் கிடையாது. ஒட்டடையோ கிறீச்சிடும் கதவோ எதுவும் இல்லை. வாசலில் மிதியடி, ஜன்னலில் வெள்ளைத் திரை, சுவர் முழுக்கச் சட்டம் போட்ட படங்கள். ஒரு பக்கம் நகரம்: மேம்பாலத்தின் அடிப்பகுதி, காலியான பஸ் நிலையம், மழையில் நனைந்த தண்ணீர்த் தொட்டிகள். இன்னொரு பக்கம் வாத்தியக்காரர்கள்: வயலின்காரி, டிரம்ஸ்காரர், கண்ணை மூடிக்கொண்டு பியானோ வாசிக்கும் கிழவர். எல்லாம் கறுப்பு வெள்ளை, எல்லாம் பிலிமில் எடுத்தவை. அருமையான படங்கள். அதைச் சொல்லவே எனக்கு வயிறு எரிகிறது.

எடுத்தவனை 'அவர்' என்று எழுதக் கை வரவில்லை. போட்டோக்காரன் என்றே எழுதுகிறேன்.

பிலிம் கழுவி பிரிண்ட் போடுவது என் தொழில். அவன் கண்காட்சி வைக்கப்போகிறான், இருட்டறைக்கு ஆள் தேடுகிறான் என்று கேள்விப்பட்டதும் நானே போய் நின்றேன். நான் யார் என்று அவனுக்குத் தெரியாது. அவன் படம் எடுப்பதாக இருந்த ட்ரம்பெட்காரன் ஒருவன் பதினொரு மாதத்துக்கு முன்னால் ஒரு மூன்று மாடிக் கிடங்கின் மேலிருந்து விழுந்து செத்தான். கூட வாசிப்பவர்கள் அவனைப் பீப்பி என்று கூப்பிடுவார்கள். பீப்பி என் தம்பி.

விழுந்தான் என்பது நான் சொல்வது. குதித்தான் என்பது ஊர் சொன்னது, போலீஸ் எழுதியது, என் அம்மா நம்பியது.

அம்மா நம்பியதற்கு நான்தான் காரணம். அன்று காலை தம்பி தன் ஈர மழைக்கோட்டை நான் காயப்போட்டிருந்த பிரிண்ட்கள் மேல் போட்டுவிட்டான். நாலு நாள் வேலை நாசம். "நீ இருந்து யாருக்கு என்ன பிரயோஜனம்? எங்கயாவது போய்த் தொலை" என்று கத்தினேன். அம்மா சமையலறையில் கேட்டுக்கொண்டிருந்தாள். சாயங்காலம் காவலாளி கிடங்கின் பின்பக்கம் ரோந்து வந்து அவனைப் பார்த்தபோது இருட்டிவிட்டது. உடனே உயிர் போகவில்லை, கொஞ்ச நேரம் இருந்திருக்கிறது என்றார் டாக்டர். அன்றிலிருந்து அம்மா என் முகத்தைப் பார்த்துப் பேசியதில்லை. "சாப்பாடு இருக்கு" என்று சுவரிடம் சொல்வாள். நான் போய்ச் சாப்பிடுவேன்.

ஆனால் போட்டோ எடுத்துக்கொள்ளப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் தம்பி கிளம்பினான். அரைமணி நேரம் ட்ரம்பெட்டைத் துடைத்தான். சட்டையை இரண்டு தடவை தேய்த்தான். சாகப் போகிறவன் எதற்கு இதையெல்லாம் செய்கிறான்? போலீஸ் கேட்டபோது போட்டோக்காரன், "அன்னைக்கு வர முடியலன்னு முன்னாடியே சொல்லிட்டேன். நான் அங்க போகவே இல்ல" என்றானாம். அதோடு விட்டுவிட்டார்கள்.

இரண்டு வாரம் அவனுடைய நெகட்டிவ் கோப்புகள் முழுவதையும் குடைந்தேன். தேதிவாரியாக அடுக்கியிருந்தான். அந்தத் தேதியில் ஒன்றுமே இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த அலமாரியையே ஜன்னல் வழியாகத் தள்ளியிருப்பேன்.

மூன்றாவது வாரம் நாலு ரோல் கொண்டுவந்து வைத்தான். "எல்லாம் டவுன் படம். பாத்துக் கழுவுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போனான். மூன்று ரோல் போன வாரம் நானே கடையில் வாங்கி வந்தவை. நாலாவது டப்பா மட்டும் மூலை தேய்ந்து பழசாக இருந்தது.

முதலில் பழசை எடுத்தேன்.

பிலிமை டப்பாவிலிருந்து உருவி ரீலில் சுற்றும்போது துளி வெளிச்சம்கூட இருக்கக்கூடாது. சிவப்பு விளக்கும் கூடாது. வெளியே நடுப்பகல், வண்டிச் சத்தம். உள்ளே கண் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று தெரியாத இருட்டு. விரல்தான் கண்.

ரீலில் சுற்ற ஆரம்பித்தேன். பாதியில் பிலிம் நின்றது.

இழுத்தேன். வரவில்லை. மெதுவாக, திரும்ப அந்தப் பக்கம் போனது.

யாரோ மறுமுனையைப் பிடித்திருந்தார்கள்.

எனக்கு இரண்டடி தள்ளி ஒருவர் உதட்டை ஈரமாக்கிக்கொள்ளும் சத்தம் கேட்டது. பிறகு குழாய்க்குள் வெறும் காற்றை ஊதும் சத்தம். தம்பி வாசிப்பதற்கு முன்னால் ட்ரம்பெட்டை அப்படித்தான் சூடாக்குவான். அந்த வாத்தியத்துக்குப் போடும் எண்ணெயின் வாசனை மருந்து நெடியை மீறி மூக்கில் ஏறியது.

பயம் இருந்தது. ஆனால் அதற்கு மேல் எனக்கு வந்தது கோபம். இத்தனை மாதம் கழித்து வந்தும் இழுத்து விளையாடுகிறானே என்கிற கோபம்.

"விடுறா," என்றேன் இருட்டில். "அக்கா பாத்துக்கறேன். விடு."

பிலிம் தளர்ந்தது.

கழுவிக் காயவைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு படத்திலும் இரண்டு படம். மேலே மேம்பாலம், கடைத்தெரு, சிக்னல் கம்பங்கள். அடியில், சற்றே விலகி, மொட்டை மாடியில் ட்ரம்பெட்டோடு என் தம்பி.

என்ன நடந்தது என்று தொழில் தெரிந்த எனக்கு உடனே புரிந்தது. போட்டோக்காரன் எடுத்து முடித்த ரோலைச் சுற்றும்போது பிலிமின் நுனியை வெளியே விட்டு, அதன் மூலையை மடித்துவைப்பான். மடித்திருந்தால் எடுத்த ரோல். மடிக்காவிட்டால் புதுசு. அன்றைக்கு மட்டும் மடிக்க மறந்திருக்கிறான். எடுத்த ரோல் புது ரோல்களோடு இழுப்பறையில் கிடந்திருக்கிறது. அவனும் அதை மறுபடி கேமராவில் போட்டு ஊரைச் சுற்றியிருக்கிறான். ஒரு மனுஷன் செத்திருக்கிறான், இவன் அந்த ரோலையே மறந்திருக்கிறான்.

அடுத்த ரோலை டேங்கில் போட்டு மருந்து ஊற்றி அலாரம் வைத்துவிட்டு, பழைய ரோலின் கடைசிப் படத்தை, பெரிதாக்கித் தாளில் விழவைக்கும் என்லார்ஜரில் ஏற்றினேன். சிவப்பு வெளிச்சத்தில், தட்டில் மிதந்த தாளில் தம்பியின் முகம் மெல்ல மேலே வந்தது. சிரித்துக்கொண்டிருந்தான். குதிகால் விளிம்பில் இருந்தது. கைப்பிடிச் சுவர் இல்லாத விளிம்பு. அவன் காலடியில் தரையில் நீளமாக ஒரு நிழல். அந்த நிழலின் முகத்தோடு ஒட்டி கேமரா, ஒரு கை மட்டும் முன்னால் நீண்டு, இன்னும் பின்னால் போ என்று காட்டிக்கொண்டிருந்தது.

கதவு தட்டும் சத்தம். போட்டோக்காரன் உள்ளே வந்தான். தட்டைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

"இது யாரு சார்?" என்றேன்.

"பழைய ரோல். தெரியாம அது மேலயே எடுத்துட்டேன். தூக்கிப் போடுங்க."

"நிழல் உங்களோடது."

அவன் தட்டுக்குக் கிட்டே வந்து குனிந்தான்.

"கையும் உங்களோடது."

"ஓரடி," என்றான் தணிந்த குரலில். "இன்னும் ஓரடி பின்னாலன்னுதான் சொன்னேன். பின்னாடி ஊர் முழுக்க வரணும்னு. அவன் பாத்து வெச்சிருக்கணும்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, முடிஞ்சு போச்சு. விழுந்த உடனேயே போயிட்டான். நான் எட்டிக்கூடப் பாக்கல. கஷ்டமே பட்டிருக்க மாட்டான். நான் சொல்லி என்ன ஆகப்போகுது? இதெல்லாம் உங்களுக்கு எதுக்கு?"

"நான் அவன் அக்கா."

அவன் முகம் மாறியது. அடுத்த நொடி என்லார்ஜரிலிருந்து நெகட்டிவை உருவிக்கொண்டு வெளியே போனான். நான் பின்னால் ஓடுவதற்குள் பாத்திரம் கழுவும் தொட்டியில் போட்டு லைட்டரால் கொளுத்திவிட்டான். அது சுருண்டு, உருகி, நாறிக்கொண்டே கரிந்தது. திரும்ப வந்து பிரிண்டைக் கிழித்தான்.

"எங்க வேணா போய்ச் சொல்லுங்க. கையில என்ன இருக்கு உங்களுக்கு?"

அவன் கன்னத்தில் ஓங்கி அறைந்தேன். அதற்காக இன்றுவரை நான் வருத்தப்படவில்லை.

அலாரம் அடித்தது. டேங்க். பழக்கதோஷம், அந்த நிலையிலும் கை தானாக மருந்தைக் கொட்டி, அடுத்த மருந்தை ஊற்றி மூடியது. "வெளிய போங்க" என்று அவன் கத்தினான். டேங்கைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினேன். அந்த வீட்டில் எதையும் விட்டுவைக்கக்கூடாது என்கிற வெறி, அவ்வளவுதான். அதில் இருந்தது நான் கடையில் வாங்கிய புது ரோல். அவன் எடுத்த வெறும் ஊர்ப் படம்.

வீட்டுக் குளியலறையில் அலசிவிட்டு பிலிமை வெளியே எடுத்து விளக்கில் பிடித்தேன்.

ஊர் இல்லை.

ஒரு தெருவோ ஒரு பாலமோ இல்லை. கீழே படுத்துக்கொண்டு நேராக மேலே பார்த்தால் தெரிகிற காட்சி. மூன்று மாடிச் சுவர், அதன் உச்சியில் விளிம்பு, அதற்கு மேல் வானம்.

"என்னது அது?"

அம்மா குளியலறை வாசலில் நின்றிருந்தாள். என்னைப் பார்த்துக் கேட்டாள்.

நடந்தது எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். பிறகு, "ஒவ்வொன்னா சொல்லு" என்றாள்.

"முதல் படத்துல போட்டோக்காரன் மேலேர்ந்து எட்டிப் பாக்கறான்மா. கழுத்துல கேமரா தொங்குது."

"ம்."

"ரெண்டாவதுலயும் பாக்கறான். தம்பி கண்ணையே பாக்கறான்."

"இவன் கண்ணு தொறந்திருந்துச்சா?"

"தொறந்திருந்திருக்கும்மா. இல்லன்னா இது எப்படி? எல்லாம் அவன் பாத்ததுதானே."

மூன்றாவது படத்தில் அவன் திரும்பிவிட்டான், முதுகு மட்டும் தெரிந்தது. நாலாவதில் யாரும் இல்லை. வெறும் விளிம்பு. ஐந்திலும் இல்லை, பத்திலும் இல்லை. என் தம்பி அந்த விளிம்பையே பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறான். ஆள் கூட்டிக்கொண்டு வருவான் என்று நினைத்திருப்பான். நெகட்டிவில் வெளிச்சம் கறுப்பாகத் தெரியும். வானத்தின் கறுப்பு படத்துக்குப் படம் வெளிறிக்கொண்டே போனது. இருட்டிக்கொண்டு வந்திருக்கிறது.

முப்பத்தாறாவது படம் கண்ணாடிபோல் வெறுமையாக இருந்தது.

"இதுல ஒன்னுமே இல்லையே," என்றாள் அம்மா.

பிலிமைக் கீழே இறக்கினேன். அம்மாவுக்கே புரிந்துவிட்டது. ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்து என் முழங்காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். "உன்னப் போய் தப்பா நெனச்சேனே" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். நானும் அழுதேன். ஆனால் கோபம் ஒரு துளி குறையவில்லை.

மறுநாள் காலை பிரிண்ட்களை இன்ஸ்பெக்டர் மேஜையில் வரிசையாக வைத்தேன். யார் எடுத்தது என்று கேட்டார். அவன் கேமராவில் இருந்த பிலிம் என்றேன், அது உண்மைதான். மத்தியானம் போட்டோக்காரனைக் கூட்டிவந்தார்கள். இரண்டாவது படத்தைக் காட்டியதும் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டானாம். எட்டிப் பார்த்ததையும், தம்பியின் கை அசைந்ததையும், தான் படியிறங்கிப் போய்விட்டதையும்.

சாயங்காலம் இன்ஸ்பெக்டர் மறுபடி கூப்பிட்டார். குரல் ஒரு மாதிரி இருந்தது. "நீங்க போட்டோ வேலை தெரிஞ்சவங்கம்மா. கொஞ்சம் வந்து பாருங்க."

கோப்புக்காகப் போட்டோக்காரனைச் சுவரோரம் நிற்கவைத்துப் படம் எடுத்திருக்கிறார்கள். நேர் எதிரே ஸ்டாண்டில் டிஜிட்டல் கேமரா. பிலிமும் கிடையாது, மருந்தும் கிடையாது. மூன்று தடவை எடுத்து, பிறகு ஒரு கான்ஸ்டபிளின் போனிலும் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள்.

நாலு படத்திலும் அவன் நேராக நிற்கவில்லை. உயரத்தில், ஒரு விளிம்புக்கு மேலே, குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். பின்னால் சுவர் இல்லை, வானம்தான். கேமராவுக்கும் அவனுக்கும் நடுவே, படத்தின் அடியிலிருந்து ஒரு கை அவனை நோக்கி நீண்டிருந்தது. தேய்த்த சட்டையின் கை. முதல் படத்தில் விரல் நுனி மட்டும். நாலாவதில் அது அவன் கணுக்காலைப் பிடித்திருந்தது.

"கேமராவுல ஏதாவது கோளாறாம்மா?" என்று மெல்லக் கேட்டார் இன்ஸ்பெக்டர்.

உள் அறையில் போட்டோக்காரன் காலை விடச் சொல்லி யாரிடமோ கெஞ்சிக்கொண்டிருந்தான். அந்த அறையில் அவனைத் தவிர யாரும் இல்லை.

"கேமரா நல்லாத்தான் இருக்கு சார்," என்றேன்.