மாமாவின் முன்பல்

பல் டாக்டரின் சாய்வு நாற்காலியில் மாமா படுத்திருந்தார். வாயைத்தான் திறக்கவில்லை.

“திறடா! ஊர்க்கதை பேசும்போது மட்டும் மூடவே மாட்டே” என்றாள் அம்மா. நாளுக்கு ஆறு கப் காபி குடித்துப் பல்லெல்லாம் கறை என்று தன் தம்பியை அவள்தான் இழுத்து வந்திருந்தாள்.

பக்கத்தில் ஸ்டூலில் மின்னல் உட்கார்ந்திருந்தாள். வயது ஒன்பது. அவள் சைக்கிள் ஓட்டும் வேகத்தைப் பார்த்து மாமா வைத்த பெயர் அது.

டாக்டர் கையுறையை மாட்டினார். “சுத்தம் பண்றதுக்கு முன்னாடி ஒரு கேள்வி. எந்தப் பல்லுக்காவது ஃபில்லிங் போட்டிருக்கீங்களா? பல்லோட நிறத்துலயே போட்டிருந்தா சில சமயம் என் கண்ணுக்கே தெரியாது.”

மாமா ஓரக்கண்ணால் அம்மாவைப் பார்த்தார். “அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்க டாக்டர்.”

மின்னலுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

இரண்டு மாதத்துக்கு முன்பு, “வேகமா ஓட்டினா சைக்கிளைப் பூட்டிடுவேன்” என்று அம்மா சொன்ன மறுநாளே, வாசலில் குனிந்து நின்ற மாமா மேல் அவள் சைக்கிளோடு மோதிவிட்டாள். கைப்பிடி பட்டு அவருடைய முன்பல்லின் முனை உடைந்தது. அன்றைக்கே வேறொரு டாக்டரிடம் போய் ஃபில்லிங் போட்டுக்கொண்டு வந்துவிட்டார் மாமா. “உங்கம்மாகிட்ட மூச்சு விடாதே. உன் சைக்கிள் போயிடும்” என்று கண்ணடித்தார்.

“ஃபில்லிங் இருந்தா என்ன டாக்டர்?” என்று கேட்டாள் மின்னல்.

“கறை எடுக்க இந்தச் சொரசொரப்பான பசையை வெச்சுத் தேய்ப்பேன். பல்லு தாங்கும். ஃபில்லிங் கீறிடும். பளபளப்பு போயி, சீக்கிரமே கறை ஏறும். தெரிஞ்சா அங்க மட்டும் மாவு மாதிரி நைசான பசை போடுவேன்.”

டாக்டர் தேய்க்கும் கருவியின் நுனியில் பசையைத் தொட்டுக்கொண்டார். கருவி ‘கிர்ர்’ என்று சுற்றத் தொடங்கியது. மாமா கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

“நிறுத்துங்க டாக்டர்!” மின்னல் துள்ளி எழுந்தாள். “மேல் வரிசையில முன்பல்லு, இடது பக்கம்! நான்தான் சைக்கிள்ல வந்து இடிச்சு உடைச்சேன். எனக்காகத்தான் மாமா பொய் சொல்றாரு!”

கருவி நின்றது. அம்மா எழுந்தாள். மின்னலிடம் வரவில்லை. நேராக மாமாவிடம் போனாள்.

“ரொம்ப வலிச்சுதாடா?”

“கொஞ்சம்தான்க்கா.”

“பைத்தியம்! என்கிட்ட சொல்றதுக்கென்ன?” அம்மா அவருடைய தலைமுடியை ஒதுக்கிவிட்டாள்.

டாக்டர் சிரித்துக்கொண்டே நைசான பசை டப்பாவைத் திறந்து, அந்த முன்பல்லில் தடவினார். எச்சில் உறிஞ்சும் குழாய் ஒன்று மாமாவின் வாய்க்குள் போனது.

அம்மா திரும்பினாள். “சைக்கிளை ஒரு மாசம் பூட்டியிருப்பேன். நீயே சொன்னதால ஒரு வாரம்.”

“சரிம்மா” என்றாள் மின்னல், தரையைப் பார்த்தபடி.

“ஆ! ஆ!” என்றார் மாமா. பேச முடியவில்லை. மூன்று விரல்களைத் தூக்கிக் காட்டினார்.

“வாயில குழாய் இருக்கும்போதே வக்கீல் வேலையா? சரி, மூணு நாள்!”

மின்னல் ஓடிவந்து அந்த மூன்று விரல்களையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். மாமாவின் கன்னம் இரண்டும் உப்பின.

“ஐயோ, சிரிக்காதீங்க! பசை இடம் மாறிடும்” என்றார் டாக்டர்.