ஒரே இடத்தில் இருவர்

"அழிச்ச ஃபைல் எங்கடி போகும்?" என்று அக்கா ஒருமுறை கேட்டாள்.

"எங்கயும் போகாது. பட்டியல்ல இருந்து பேருதான் போகும். வேற ஒண்ணு வந்து உக்கார்ற வரைக்கும் அது அங்கயேதான் கெடக்கும்" என்றாள் சின்னவள்.

"அப்போ நான் போனப்புறம் என் நாற்காலியில உக்காந்துடாதடி. சொல்லிட்டேன்." சொல்லிவிட்டு அக்காவே சிரித்தாள்.

மழையில் வண்டியை எடுத்துக்கொண்டு போன அக்கா திரும்பி வராமல் பதினொரு மாதம் ஆகிவிட்டது. சாவு நடந்த வாரத்துக்குப் பிறகு பூட்டியே கிடந்த அவள் அறையைச் சின்னவள் இன்று மதியம்தான் திறந்தாள். தூசியும் ஈரத் துணியும் கலந்த வாசனை மூக்கில் ஏற, அக்காவின் நாற்காலியில் உட்கார்ந்தவள் சட்டென்று நிமிர்ந்தாள். நாற்காலி சூடாக இருந்தது, யாரோ இப்போதுதான் எழுந்து போனதுபோல.

வெயிலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது.

"கெடைக்குமாடி?" அம்மா வாசலிலேயே நின்றாள். அந்த அறைக்குள் அவள் கால் வைப்பதில்லை. "கண்ண மூடினா பெரியவ மொகம் வருது. கொரல் வர மாட்டேங்குது. எந்தத் தாய்க்காவது பெத்த பொண்ணு கொரல் மறக்குமா?"

அக்கா தினமும் தன் பேச்சைக் கம்ப்யூட்டரில் பதிந்து வைப்பாள். அந்த ஃபோல்டர் இப்போது திறக்கவில்லை. அக்கம்பக்கத்துக் கம்ப்யூட்டர்களைப் பழுது பார்க்கும் சின்னவள் எல்லாரிடமும் சொல்வது ஒன்றுதான்: முதலில் டிஸ்க்கை முழுசாக நகல் எடுக்க வேண்டும், அப்புறம்தான் கை வைக்க வேண்டும். இன்று அம்மாவின் முகத்தைப் பார்த்தவள் நகல் எடுக்கவில்லை. நேராகப் பிழை தேடும் கட்டளையைத் தட்டினாள்.

டிஸ்க் சுற்றியது. டக். டக். மூடிய பெட்டிக்குள்ளிருந்து யாரோ விரல் நகத்தால் தட்டுவதுபோல இருந்தது. அம்மா சமையலறைக்குப் போய்விட்டாள். சதவீதம் ஏறிக்கொண்டே போய், தொண்ணூற்றொன்பதில் நின்றது.

திரையில் ஒரு வரி வந்தது: ஒரே இடத்துக்கு இரண்டு ஃபைல்கள் உரிமை கோருகின்றன.

ஒன்று, அக்கா கடைசியாகப் பதிந்தது. மற்றொன்று சின்னவளுடையதேதான். அந்தச் சாவு வாரத்தில் இதே அறையில் அழுதுகொண்டே அக்காவிடம் பேசிப் பதிந்தது. எல்லாம் தெரிந்தவள், இதே டிஸ்க்கிலேயே சேமித்திருக்கிறாள். அது போய் அக்காவின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது.

ஒன்று மட்டுமே மிஞ்சும். எது?

அவள் அதிகம் யோசிக்கவில்லை. என்னுடையது போகட்டும். அக்கா இருக்கட்டும். அழுத்தினாள்.

ஈர முடியின் வாசனை வந்தது. மிக அருகில்.

"மழை கொட்டுது. இருந்தாலும் போயிட்டு வந்துடறேன்மா."

ஸ்பீக்கரை அவள் இன்னும் போடவே இல்லை.

சமையலறையில் பாத்திரம் விழுந்தது. அம்மா ஓடி வந்தாள். முதல்முறையாக அறைக்குள் கால் வைத்தாள். நாற்காலியைப் பார்த்தாள்.

"பெரியவளே!"

இல்லம்மா, நான் சின்னவ. சொன்னாள். சத்தம் வரவில்லை. கையைப் பார்த்தாள். கை இருக்க வேண்டிய இடத்தில் அக்காவின் கை இருந்தது. விரல் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

அவளுக்குள்ளிருந்து அக்கா எழுந்தாள், சட்டையைக் கழற்றுவதுபோல.

"இப்படியா நனைவாங்க? தலையத் துவட்டு வா." அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். பதினொரு மாதமாகச் சிரிக்காத முகம். சின்னவள் அதைப் பார்த்தபடியே இருந்தாள். எழ முடியவில்லை.

அம்மா. அம்மா. இங்க பாரு.

வாசலில் அம்மா நின்றாள். அறையைத் திரும்பிப் பார்த்தாள். எதையோ எண்ணிப் பார்த்து, கணக்குத் தவறியவள்போல.

"உள்ள யாராவது இருக்காங்களாடி?"

அக்கா நாற்காலியைப் பார்த்தாள். நேராக, சின்னவளின் கண்களுக்குள். உதடு ஒருமுறை துடித்தது.

வெளியே போய், கதவைப் பூட்டினாள்.