கடற்பஞ்சு வந்த பங்களா

பீப்பாயில் தண்ணீர் வற்றிய பிறகும் சத்தம் நிற்கவில்லை.

டக். சற்று நேரம் மழை மட்டும். மறுபடியும், நகத்தை நகத்தால் சுண்டியது போல, டக்.

அம்பிட்டியக் கோப்பித் தோட்டத்துப் பங்களாவில் பாலம்மா சமையல்காரி. அவள் புருஷன் வீரய்யா, தோட்டத்துத் துரைக்காகத் திருகோணமலைக் கடலில் மூழ்கி, முருகைக்கல் என்னும் பவளப் பாறையிலிருந்து அறுத்தெடுத்த கடற்பஞ்சு அந்தப் பீப்பாயில் கிடந்தது. பலாப்பழ அளவு, உடம்பெல்லாம் துளை. பத்து நாள் மாட்டுவண்டியில் கொண்டுவந்து சேர்த்தவன், வந்த மறுநாளே காய்ச்சலில் விழுந்தான்.

பஞ்சு வந்து சேர்ந்த அன்றைக்கே துரை அவளிடம் சொல்லியிருந்தார். "இதுக்குள்ள சின்ன இறால் இருக்கு. குஞ்சுல உள்ள போகும். பெருசானா வெளிய வர ஏலாது. இருநூறு, முந்நூறு, எல்லாம் ஒரே குடும்பம். வேற யாரும் கிட்ட வந்தா சேந்து கொடுக்கால சத்தம் போடும்."

"என்னத்தத் தின்னும் தொர?"

"இதையேதான்."

இன்று மதியம் பஞ்சு நாறத் தொடங்கியது. துரை அதைக் கத்தியால் பிளந்தார். உள்ளே அறை அறையாக, வழவழவென்று இருந்தது. ஒரு இறால்கூட இல்லை.

"வண்டியில இது எங்க இருந்துச்சு?"

"அவரு தலமாட்டுலதான் வச்சுக்கிட்டுப் படுத்தாராம்."

துரை கத்தியைக் கீழே போட்டார். கண்டியிலிருந்து டாக்டரைக் கூட்டிவரக் குதிரை ஏறிவிட்டார்.

பாலம்மா பஞ்சை அடுப்பில் போட்டு எரித்தாள். கருவாட்டு நாற்றமும் ஈர விறகின் புகையும் கூரைக்குக் கீழே சுழல, தகரத்தில் மழை விட்டு விட்டு இரைய, அந்த இரைச்சலின் இடைவெளிகளில் எல்லாம் பீப்பாயிலிருந்து அல்ல, அரிசிப் பெட்டியிலிருந்து அல்ல, அடுக்களைக்குப் பின்னாலிருந்த சின்ன அறையிலிருந்து அது வந்தது.

டக்.

வீரய்யா பாயில் கிடந்தான். கழுத்துவரை கம்பளி.

"உப்புத் தண்ணி குடு."

"காய்ச்சலுக்கு உப்பு எதுக்குங்க?"

"குடு புள்ள."

கரைத்துக் கொடுத்தாள். செம்பு காலியாகும்வரை அவன் மூச்சு விடவில்லை. குடித்த பிறகு முகம் தெளிந்தது. அவள் கம்பளிமேல் குனிந்து, நெஞ்சில் காது வைத்தாள்.

இதயம் துடித்தது. அதற்குப் பக்கத்தில் வேறென்னவோ நகர்ந்தது.

"என்னங்க..."

டக்.

பிறகு இன்னொன்று. பிறகு விலாவில், தோளில், வயிற்றில். எல்லாம் சேர்ந்து. ஒரே நேரத்தில்.

நிசப்தம்.

கம்பளியை விலக்கினாள்.

துளைகள். இரத்தமில்லை. சுற்றிலும் தோல் சுத்தமாக இருந்தது. ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு வெள்ளைக் கொடுக்கு. திறந்தபடி. அவள் பக்கம் திரும்பியபடி.

"வலியே இல்ல புள்ள," என்றான் வீரய்யா.

மெல்ல நகர்ந்து, பாயில் அவளுக்கு இடம் விட்டான்.