நான்காம் எண் டிப்பரின் இருக்கை

திங்கட்கிழமை, காலை 9.40.

கல்குவாரியில் டீ இடைவேளை. ஐந்து டிப்பர் லாரிகளும் ஷெட்டுக்கு வந்து நின்றன. நான்கு டிரைவர்கள் இறங்கிவிட்டார்கள். நான்காம் எண் வண்டியின் எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. டீ கொண்டுவந்த பெண் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுத் திறந்தார்.

"என்னண்ணே, டீ உள்ளேயே வரணுமா?"

ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்தபடி டிரைவர் சொன்னார்: "இறங்க முடியலம்மா. கால் எங்க இருக்குன்னே தெரியல."

10.25-க்கு ஆம்புலன்ஸ் வந்தது. பதினோரு வருடமாகக் கல்லை ஏற்றி இறக்கியவரை நான்கு பேர் சேர்ந்து இறக்கினார்கள். அதன் பிறகு அந்த வண்டியை யாரும் நகர்த்தவில்லை.

புதன்கிழமை, காலை 11.05.

தொழிற்சாலை ஆய்வாளர் அம்மா ஜீப்பிலிருந்து இறங்கினார். 'இறங்கினார்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம்தான். உண்மையில் அது மூன்று கட்டமாக நடந்தது: முதலில் தலையணை, பிறகு வலது கால், கடைசியாக ஒரு பெருமூச்சு. அலுவலக ஜீப்புக்கும் அவர் இடுப்புக்கும் பல வருடப் பகை.

"உட்காருங்க மேடம்" என்றார் மேனேஜர்.

"வேணாங்க. உட்கார்ந்து உட்கார்ந்துதான் எனக்கு இந்தக் கதி. நின்னே பேசுவோம்."

அறையில் மேலும் மூன்று பேர். ஸ்கேன் படத்தை மார்போடு அணைத்தபடி டிரைவரின் மனைவி. அவள் பக்கத்தில் அவளுடைய அண்ணன். குவாரியின் ஸ்டோர் பொறுப்பாளர் அவர்தான். கதவோரம் கையைத் துடைத்துக்கொண்டு மெக்கானிக். அறை முழுக்கத் தைல வாசனை.

மேனேஜர் பதிவேட்டைத் திருப்பி வைத்தார். "நாலாம் நம்பருக்குப் புது சீட் மாட்டி மூணு மாசமாச்சு. ஸ்பிரிங் சீட். ஆட்டத்தையெல்லாம் அதுவே வாங்கிக்கும். வண்டி சரியா இருந்தா கோளாறு அவர் உடம்புலதானே? மாசக் கடைசியில கணக்கு முடிச்சு அனுப்பிடறதா இருக்கோம்."

"புது சீட்டே வரலன்னு அவர் சொல்றாரு" என்றாள் மனைவி.

"வலி மருந்துல ஏதோ பேசறாரும்மா."

"வேற யாரும் பார்க்கலையா?" என்று கேட்டார் ஆய்வாளர்.

"சீட்டு மேல எப்பவும் கம்பளிய மடிச்சுப் போட்டிருப்பாரு. அன்னிக்கு எல்லாரும் அவர் மூஞ்சியத்தான் பார்த்தாங்க, கம்பளிக்குக் கீழ யார் பார்த்தா?" என்றார் மெக்கானிக்.

ஆய்வாளர் ஸ்கேன் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். "எலும்புக்கும் எலும்புக்கும் நடுவுல மெத்தை மாதிரி இருக்கே, அதான் டிஸ்க். கீழ் ரெண்டும் பிதுங்கி நரம்பை அழுத்துது. நாளெல்லாம் கல்லு ரோட்டுல குலுங்கினா இப்படி ஆகும். சீட்டோட ஸ்பிரிங் செத்திருந்தா ஒவ்வொரு குழியும் நேரா முதுகுல இடிக்கும். ஆனா ஸ்கேன்ல காரணம் எழுதியிருக்காதும்மா. வயசாலன்னும் சொல்லலாம், வண்டியாலன்னும் சொல்லலாம்."

"வண்டியாலன்னு ஆனா?"

"வேலையால வந்த காயம். அவர் உடம்புக்கு ஏத்த வேற வேலை இங்கேயே கொடுத்தாகணும்."

"அவருக்கு நாப்பத்தொண்ணுதாங்க. முதுகு போன டிரைவரை வெளிய யாரு சேர்த்துப்பாங்க?"

ஆய்வாளர் ஸ்கேன் படத்தை அவளிடம் திருப்பிக் கொடுத்தார். "வண்டியப் பார்ப்போம்" என்றார்.

காலை 11.30. ஷெட்.

இருக்கை பளபளவென்று இருந்தது. மேனேஜர் உற்சாகமாக ஏறி உட்கார்ந்து குதித்துக் காட்டினார். குதித்தபடியே அவர் கை பக்கவாட்டுக் கண்ணாடியை நோக்கிப் போனது.

"தொடாதீங்க!" என்றார் ஆய்வாளர்.

மேனேஜர் திடுக்கிட்டார். "பழக்கங்க. பதினஞ்சு வருஷம் நானும் டிரைவர். சீட்ல உட்கார்ந்தா கை தானா அங்க போயிடும்."

"சரி, இறங்குங்க." ஆய்வாளர் மெக்கானிக்கிடம் திரும்பினார். "சீட் நீங்க மாட்டினதா?"

"நான் வந்தே இருபது நாள்தாங்க. நாலாம் நம்பர் சர்வீஸ் முறை இன்னும் வரல. நான் மாட்டியிருந்தா ஒரு சுத்து ஓட்டிப் பார்த்திருப்பேன். ஒரு போல்ட்டு மாத்தினாக்கூட ஓட்டிப் பார்க்காம வண்டிய விடமாட்டேன்."

"ஸ்டோர்காரரே, நீங்க?"

"நானா?" அண்ணன் சிரிக்கப் பார்த்தார். "எனக்கு சைக்கிளே ஓட்ட வராதுங்க. மாப்பிள்ளை பைக்குல பின்னாடி தொத்திக்கிட்டுதான் வேலைக்கே வருவேன்." பேசும்போது ஒரு கையால் தூணைப் பிடித்திருந்தார்.

"உங்களுக்கும் இடுப்பா?"

"திங்கக்கிழமையிலருந்து. தூக்கத்துல பிடிச்சிருச்சு."

"நம்ம சங்கத்துக்கு ஒரு ஆள் சேர்ந்தாச்சு" என்ற ஆய்வாளர், மனைவியைக் கேட்டார்: "உங்க வீட்டுக்காரர் உயரம் இங்க யார் மாதிரி?"

அவள் யோசிக்காமல் மெக்கானிக்கைக் காட்டினாள். "விரக்கடை வித்தியாசம் இருக்காது."

"தம்பி, ஏறி உட்காருங்க. எதையும் தொடாம கண்ணாடியப் பாருங்க. பின்னாடி என்ன தெரியுது?"

மெக்கானிக் பார்த்தார். குனிந்து பார்த்தார். "டயர் தெரியுதுங்க. தரை தெரியுது."

"ரோடு?"

"தெரியல."

"அந்தப் பக்கம்?"

"அங்கயும் தரைதாங்க."

மதியம் 12.10.

ஆய்வாளர் தலையணையை டயருக்கும் முதுகுக்கும் நடுவில் கொடுத்துச் சாய்ந்துகொண்டார்.

"பள்ளத்தோட விளிம்புல ரிவர்ஸ் எடுக்கிற வண்டி இது. மூணு மாசமா ஒரு டிரைவர் தரையப் பார்த்துக்கிட்டேவா ரிவர்ஸ் எடுத்தாரு? இந்த சீட் பழசவிட ஒரு சாண் உயரம். கண்ணாடி ரெண்டும் இன்னும் பழைய சீட்டுக்குத்தான் திருப்பியிருக்கு. அவர் இந்த சீட்ல ஒரு நாள்கூட உட்காரல. அவரை இறக்கின பிறகு யாரோ மாத்தியிருக்காங்க."

மேனேஜர் குறுக்கிட்டார். "நான் இல்லைங்க."

"நீங்க இல்ல. நீங்க மாத்தியிருந்தா கை சும்மா இருந்திருக்காது. தம்பி மாத்தியிருந்தா ஒரு சுத்து ஓட்டியிருப்பாரு, கண்ணாடியச் சரி பண்ணாம ஓட்டியிருக்க முடியாது. இத மாட்டினவருக்கு சீட்டுன்னா நாலு போல்ட்டு. டிரைவர் சீட்ல உட்கார்ந்து பழகாத ஆள். கனமான சீட்டைத் தனியா தூக்கி, திங்கக்கிழமை இடுப்பப் பிடிச்சுக்கிட்ட ஆள்."

யாரும் அண்ணனைப் பார்க்கவில்லை. அவரே தங்கையைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஸ்டோரின் பின்னறைச் சாவியை எடுத்துக் கொடுத்தார்.

பின்னறையில் பழைய இருக்கை தார்ப்பாயின் கீழ் கிடந்தது. மெக்கானிக் அதன்மேல் கையை ஊன்றினார். நேராகத் தகட்டில் போய் இடித்தது. அதன் பக்கத்தில், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல், நான்கு புது இருக்கைகள்.

"அஞ்சும் சேர்ந்துதான் வந்துச்சு" என்றார் அண்ணன். "நல்ல சாமான். இந்தத் தூசியில ஒரே மாசத்துல நாசமாயிடும். ஆய்வுக்கு வரும்போது மாட்டிக்கலாம்னு பூட்டி வெச்சேன். மாட்டியாச்சுன்னு பதிவேட்டுல எழுதினேன். அவரு முடியலன்னு சொல்லிக்கிட்டேதான் இருந்தாரு. எல்லா டிரைவரும் சொல்றதுதானேன்னு விட்டுட்டேன். மாப்பிள்ளைய ஆம்புலன்ஸ்ல ஏத்தினதும் எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. எல்லாரும் சாப்பிடப் போன நேரத்துல..."

"சீட்டுல ஒரு கீறல் இல்லண்ணா" என்றாள் தங்கை. "பத்திரமா வெச்சிருந்திருக்க."

அவள் குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

'வேலையால் ஏற்பட்ட காயம்' என்று ஆய்வாளர் எழுதினார். பதிவேட்டில் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருந்த மேனேஜர், இந்த முறை ஒவ்வொரு வரியையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அடுத்த கையெழுத்து அண்ணனுடையது. போட்டால் அவர் வேலை போகும் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். அவர் போட்டார்.

"மாப்பிள்ளைகிட்ட நீயே சொல்லிடறியா?" என்று தங்கையிடம் கேட்டார்.

"மாட்டேன். சாயந்திரம் ஆஸ்பத்திரிக்கு வா, நீயே சொல்லு." அவள் அந்த நான்கு இருக்கைகளைப் பார்த்தாள். "இதுக்கெல்லாம் சொந்தக்காரங்க இப்ப எங்கண்ணா?"

"ஓட்டிக்கிட்டிருக்காங்க."

"முதல்ல அவங்ககிட்ட போ."

மதியம் 12.50.

குவாரிப் பாதையில் அண்ணன் இடுப்பைப் பிடித்தபடி நடந்தார். எதிரே முதலாம் எண் டிப்பர் குழிக்குக் குழி எகிறிக்கொண்டு வந்தது. அவர் நடுப்பாதையில் நின்று கையைத் தூக்கினார். வண்டி நின்றது.

டிரைவர் தலையை நீட்டினார். "என்னண்ணே, லிஃப்ட் வேணுமா?"

"இல்லப்பா. வண்டிய நிறுத்து. இறங்கு."

எஞ்சின் அடங்கியது. கதவு திறந்தது. முப்பது வயதுகூட ஆகாத ஆள், காலைக் கீழே வைக்கும் முன் ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கொடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்றான். அவன் தினமும் அப்படித்தான் இறங்குகிறான் போலும். அண்ணன் இன்றுதான் பார்த்தார்.

"அவசரமில்ல" என்று கையை நீட்டினார். "மெதுவா இறங்குப்பா."